கீபோர்டுக்கு நினைவாற்றல் கூட்டுதல்



தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவாக இருக்கட்டும், திருமண விருந்தாக இருக்கட்டும், பொங்கல் கலைநிகழ்ச்சியாக இருக்கட்டும், மேடை ஏறும் இசைக்குழுவில் இன்று ஒரு கீபோர்டு இல்லாமல் இருப்பதில்லை. நம் இளைஞர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் ஒதுக்கி, பல மாதங்கள் சேர்த்து, பட்டணத்தில் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி வருகிறார்கள். வாங்கிய சில நாட்களில், "இதிலே மெமரி பத்தாது, கூட்ட வேண்டும்" என்ற பேச்சு எழுகிறது. உடனே மறுபடியும் ஒரு வசூல். கூட்டிய பிறகு எதிர்பார்த்த பயன் கிடைத்ததா என்றால், பல இடங்களில் இல்லை. ஏன் இல்லை? எதைக் கூட்டுகிறோம், எதற்காகக் கூட்டுகிறோம் என்பது தெரியாமலே கூட்டியதுதான் காரணம்.

ஆகவே இன்றைய பேச்சில், கீபோர்டின் உள்ளே இருக்கும் நினைவகம் எத்தனை வகை, அதை எப்போது கூட்டலாம், எப்போது கூட்டத் தேவையில்லை, கூட்டும்போது கையும் கருவியும் பத்திரமாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் சிறிது பெருக்கல் கணக்கு வருகிறது.

முதலில், நாம் பேசுவது எந்தக் கருவியைப் பற்றி என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். சிறு பிள்ளைகள் பழகும் கீபோர்டு வேறு. நான் சொல்வது, மேடைக் கலைஞர்கள் பயன்படுத்தும் 'வொர்க்ஸ்டேஷன்' என்னும் பெரிய கருவி. ஒலிகளை உண்டாக்கும் சிந்தசைசர், பாட்டைப் பல தடங்களில் பதிந்து வைக்கும் சீக்குவென்சர், வெளியிலிருந்து வரும் ஒலியை உள்வாங்கிக் கட்டைகளில் வாசிக்கச் செய்யும் சாம்ப்ளர், எதிரொலி போன்ற அலங்காரங்கள் ஆகிய அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அமைந்தவை இவை. ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1988இல் எம்-1 என்ற கருவியை வெளியிட்டபோது இந்த வகை உலகெங்கும் பரவியது. ஆனால் அதில் வெளி ஒலியைப் பதியும் வசதி கிடையாது. அதே நிறுவனம் 1999இல் வெளியிட்ட டிரைட்டன், யமஹா நிறுவனம் 2003இல் வெளியிட்ட மோட்டிஃப் இ.எஸ். ஆகியவற்றில் அந்த வசதி உண்டு. பழைய சாமான்களாகக் கைமாறி வரும் கருவிகளில் இவ்விரண்டும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஆகவே இவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இந்தப் பெட்டிக்குள் நினைவகம் என்பது ஒன்றல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே பாடநூல் இருக்கிறது. அச்சடித்து வந்தது; நாம் அதில் எதையும் அழிக்க முடியாது, சேர்க்கவும் முடியாது. கரும்பலகை இருக்கிறது. காலையில் ஆசிரியர் எழுதுகிறார். பள்ளி முடிந்ததும் துடைத்து விடுகிறார்கள். மாணவனின் குறிப்பேடு இருக்கிறது. எழுதியது எழுதியபடி நிற்கும்; வேண்டுமானால் அழித்தும் எழுதலாம்.

கீபோர்டிலும் இந்த மூன்றும் உண்டு. தொழிற்சாலையிலேயே பதிந்து அனுப்பிய பியானோ, வயலின், புல்லாங்குழல் முதலிய ஒலிகள் பாடநூல். இதை 'ரோம்' என்பார்கள். டிரைட்டனில் இது 32 மெகாபைட். நாம் மைக் வைத்துப் பதியும் ஒலிகள் போய் உட்காரும் இடம் கரும்பலகை. இதை 'ரேம்' என்பார்கள். மின்சாரத்தை நிறுத்தியவுடன் இது துடைத்த பலகையாகி விடும். மூன்றாவது, அந்த ஒலிகளை எடுத்துச் சேமித்து வைக்கும் பிளாப்பி வட்டு, மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் ஆகியவை. இவையே குறிப்பேடு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்து விட்டால், இன்றைய பாடத்தில் பாதி முடிந்தது.

"மெமரி கூட்டுவது" என்று கடையில் சொல்வது பெரும்பாலும் கரும்பலகையைப் பெரிதாக்குவதுதான். அதனால் நாம் பதியும் ஒலிகளுக்கு இடம் கூடும். அவ்வளவே. கருவியில் முன்பே இருக்கும் பியானோ இன்னும் இனிமையாகி விடாது. ஒலி பெரிதாகக் கேட்காது. ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கையும் கூடாது. டிரைட்டனில் அந்த எண்ணிக்கை 62, மோட்டிஃப் இ.எஸ்.ஸில் 128. எத்தனை மெகாபைட் சேர்த்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. ஆகவே, "மெமரி போட்டால் சவுண்டே வேறு மாதிரி இருக்கும்" என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இதைப் போலவே, கூடுதல் ஒலிப் பலகைகள் என்று சில உண்டு. டிரைட்டனில் அப்படிப்பட்ட பலகைகள் இரண்டைச் செருகலாம். ஒவ்வொன்றிலும் 16 மெகாபைட் அளவுக்குத் தொழிற்சாலையில் பதிந்த புதிய ஒலிகள் இருக்கும். இது கரும்பலகையைப் பெரிதாக்குவது அன்று. இன்னொரு பாடநூல் வாங்குவது. இரண்டும் வேறு வேறு வேலை. விலை கேட்கும்போது எதற்கு விலை கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் கரும்பலகை பெரிதாக வேண்டும்? சொந்த ஒலிகளைப் பதிந்து வாசிக்க விரும்புகிறவர்களுக்கு. நேயர்களே, இதில் நமக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் செய்யப்படும் கருவிகளில் பியானோவுக்கும் கிட்டாருக்கும் குறைவில்லை. ஆனால் நம் உறுமியும் தப்பும் உடுக்கையும் நாம் கேட்டுப் பழகிய நாதத்தோடு அவற்றில் கிடைப்பது அரிது. தோட்டத்து பஜனை மடத்தில் பாட்டனார் காலத்திலிருந்து இருக்கும் ஆர்மோனியத்தின் குரல் எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது. தோட்டங்கள் பிரிக்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போன இடங்களில் இப்படிப்பட்ட வாத்தியங்கள் மூலையில் கிடந்து துருத்தி கிழிந்து போகின்றன. அவற்றின் ஒலியையாவது பிடித்து வைத்துக் கொண்டால், பிள்ளைகள் அதைக் கொண்டு புதிய பாட்டு வாசிப்பார்கள்.

சரி, அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? இப்போது பென்சிலை எடுத்துக் கொள்ளுங்கள்.

டிரைட்டன் ஒரு விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து எழுதுகிறது. ஒவ்வோர் அளவும் 2 பைட் இடம் பிடிக்கும். 48,000ஐ 2ஆல் பெருக்கினால் 96,000. அஃதாவது, ஒரு விநாடி ஒலிக்கு 96,000 பைட். இது ஒரே தடத்தில், மோனோவாகப் பதியும் கணக்கு. இடமும் வலமுமாக ஸ்டீரியோவில் பதிந்தால் இதைப்போல் இரு மடங்கு.

டிரைட்டன் வாங்கும்போது அதில் உள்ள கரும்பலகை 16 மெகாபைட். துல்லியமாகச் சொன்னால் 16,777,216 பைட். இதை 96,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 174 விநாடி, அஃதாவது 2 நிமிடம் 54 விநாடி மோனோ ஒலி கிடைக்கும்.

இனி ஆர்மோனியத்தைப் பதிவோம். மூன்று ஸ்தாயிக்கு 36 கட்டைகள். ஒவ்வொன்றையும் 4 விநாடி பதிந்தால் 144 விநாடி. அதை 96,000ஆல் பெருக்கினால் 13,824,000 பைட். அடுத்து உறுமி. பத்து வகைச் சொற்கள், ஒவ்வொன்றும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று விதம், ஆக 30 பதிவு. ஒவ்வொன்றும் 2 விநாடி என்றால் 60 விநாடி. அதற்கு 5,760,000 பைட். இரண்டையும் கூட்டினால் 19,584,000. நம்மிடம் இருப்பதோ 16,777,216. இடம் போதவில்லை.

இப்போது உடனே பணம் வசூலிக்கப் புறப்பட வேண்டுமா? வேண்டாம். ஒரு வீட்டில் அரிசி போதவில்லை என்றால் முதலில் வீணாவது எங்கே என்றுதான் பார்க்கிறோம். இங்கும் அப்படியே. ஆர்மோனியத்தில் எல்லாக் கட்டைகளையும் பதிய வேண்டியதில்லை. ஒன்று விட்டு ஒன்று பதிந்தால் போதும். பக்கத்துக் கட்டைக்கு அதே பதிவை அரைச் சுரம் உயர்த்தி வாசித்துக் கொள்ளும். அரைச் சுரத்துக்குக் காது வித்தியாசம் காட்டாது. நாலைந்து கட்டை தள்ளி இழுத்தால்தான் குரல் கீச்சென்று மாறும். ஆக 36க்குப் பதில் 18 பதிவு, 6,912,000 பைட். உறுமியோடு சேர்த்து 12,672,000. இப்போது 16 மெகாபைட்டுக்குள் அடங்கி, நாற்பது லட்சம் பைட்டுக்கு மேல் மிச்சமும் இருக்கிறது. பதிவின் முன்னும் பின்னும் உள்ள வெற்று அமைதியை வெட்டி எறிந்தால் இன்னும் மிச்சமாகும். ஆர்மோனியம் போல நீண்டு ஒலிக்கும் வாத்தியத்தில் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் 'லூப்' முறையைக் கையாண்டால், 4 விநாடிக்குப் பதில் 2 விநாடியே போதும்.

இவ்வளவு சிக்கனம் செய்தும் போதவில்லை, ஸ்டீரியோவில் எல்லாக் கட்டைகளையும் பதிய வேண்டும் என்றால், அப்போது கூட்டலாம். முன் சொன்ன முழுக் கணக்கை ஸ்டீரியோவில் போட்டால் 39,168,000 பைட். டிரைட்டனில் உச்ச அளவாக 64 மெகாபைட் வரை வைக்கலாம். அதில் இவையனைத்தும் தாராளமாக அடங்கும். மோனோவில் 11 நிமிடம் 39 விநாடி கிடைக்கும்.

மோட்டிஃப் இ.எஸ். கதை வேறு. அதில் ஒலி பதிவதற்கான ரேம் வாங்கும்போதே இருப்பதில்லை. தனியாக வாங்கிப் பொருத்தினால்தான் ஒலியைப் பதியும் வசதியே வேலை செய்யும். ஆகவே, மோட்டிஃப் இ.எஸ். ஒன்றைப் பழையதாக வாங்கும்போது, "இதில் மெமரி போட்டிருக்கிறதா, எவ்வளவு?" என்று கேட்டு, திரையிலே காட்டச் சொல்லிப் பார்த்துப் பணம் கொடுங்கள். வாய்ச்சொல் போதாது.

அடுத்து, எந்த வகைத் துண்டு வாங்க வேண்டும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிரைட்டனுக்கு வேண்டியது 72 ஊசி கொண்ட 'சிம்' என்னும் நினைவுப் பலகை. தொலைபேசியில் போடும் சிம் கார்டு அன்று, பெயர்தான் ஒன்று. 1990களின் நடுவில் வந்த கணினிகளில் இவை இருந்தன. மோட்டிஃப் இ.எஸ்.ஸுக்கு வேண்டியது 168 ஊசி கொண்ட 'டிம்'. பி.சி. 100 அல்லது பி.சி. 133 என்று அதன் மேல் எழுதியிருக்கும். 2000ஆம் ஆண்டையொட்டி வந்த மேசைக் கணினிகளில் இவை இருந்தன. மோட்டிஃப் இ.எஸ்.ஸில் ஒரே அளவுள்ள இரண்டைச் சோடியாகப் போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டாலோ, ஒன்று பெரிது ஒன்று சிறிது எனப் போட்டாலோ ஏற்காது. 256ம் 256ம் சேர்ந்து 512 மெகாபைட் என்பது அதன் உச்சம். பிற்காலக் கணினிகளில் வந்த டி.டி.ஆர். வகைப் பலகை இதில் பொருந்தாது. அதன் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பொருந்தாததை அழுத்திப் பொருத்த முயன்றால் செருகுகுழி உடைந்து விடும். அதை மாற்றுவது பெருஞ்செலவு.

இந்த வகைப் பலகைகள் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. ஆனால் கைவிடப்பட்ட பழைய கணினியின் வயிற்றில் இவை இருக்கக்கூடும். பழுது பார்க்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்குமுன் கருவியின் கையேட்டில் நினைவகப் பலகையைப் பற்றிய பக்கத்தைப் படித்து, அதில் சொன்ன அளவு, வேகம், வகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். ஐந்தாம் ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். "ஒத்து வராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

இனி பொருத்தும் முறை. கருவியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வெளியே சேமித்து வைப்பது. பாட்டுகள், நீங்கள் அமைத்த குரல்கள், பதிந்த ஒலிகள் ஆகிய அனைத்தையும் வட்டிலோ பென்டிரைவிலோ ஏற்றி விடுங்கள். ஏற்றிய பிறகு ஒரு முறை திரும்ப இறக்கிப் பார்த்து, சரியாக வருகிறதா என்று உறுதி செய்து கொள்ளுங்கள்.

பிறகு மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மற்றக் கம்பிகளையும் கழற்றி விட்டு, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். கருவிக்குள்ளே சுவர் மின்சாரம் வந்து சேரும் பகுதி ஒன்று இருக்கும். அதில் உள்ள பெரிய கப்பாசிட்டர்கள் கம்பியைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பக்கம் கை போகவே கூடாது. நினைவகப் பலகைக்கென்று தனி மூடி உள்ள கருவிகளில் அந்த மூடியை மட்டும் திறந்தால் போதும். முழுக் கருவியையும் பிரிக்க வேண்டாம். முழுவதும் பிரித்தால்தான் முடியும் என்ற கருவியாக இருந்தால், தெரிந்த தொழிலாளரிடம் கொடுத்து விடுவதே அறிவுடைமை. பிள்ளைகளைத் தனியாக இந்த வேலையில் விடாதீர்கள்.

மூடி பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும். கருவியைக் கவிழ்க்கும்போது அதன் நான்கு மூலைகளிலும் பழைய பத்திரிகைக் கட்டுகளையோ தலையணைகளையோ வைத்து, அவற்றின் மேல் கவிழ்த்து வையுங்கள். அப்போதுதான் மேலே உள்ள திருகுகளும் சக்கரங்களும் நசுங்காது. கழற்றிய ஆணிகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஒரே ஓர் ஆணி உள்ளே விழுந்து, அதைக் கவனியாமல் மின்சாரம் கொடுத்தால் பலகையே எரிந்து போகலாம். எண்ணிக் கழற்றுங்கள், எண்ணி மாட்டுங்கள்.

நம் உடம்பிலும் ஆடையிலும் கண்ணுக்குத் தெரியாத நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். நமக்கு அது உறைக்காது. நினைவுப் பலகையைக் கொன்று விடும். நைலான் சட்டை, பிளாஸ்டிக் பாய் வேண்டாம். பலகையைத் தொடுமுன் கருவியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுக் கொள்ளுங்கள். பலகையை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். பொன்னிற ஊசிகளில் விரல் படக்கூடாது. 72 ஊசிச் சிம் என்றால் சாய்வாகச் செருகி, பிறகு நிமிர்த்த வேண்டும். இரு பக்கக் கொக்கிகளும் பிடித்துக் கொள்ளும். 168 ஊசி டிம் என்றால் நேராக வைத்துச் சீராக அழுத்த வேண்டும். இரு முனைகளிலும் உள்ள நெம்புகள் தாமாக எழுந்து பூட்டிக் கொள்ளும். அரைகுறையாக உட்கார்ந்தால் கருவி மெமரியைக் காணாது.

மூடியை மாட்டிய பிறகு மின்சாரம் கொடுத்து, புதிய அளவு திரையில் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். ஓர் ஒலியைப் பதியுங்கள், சேமியுங்கள், அணையுங்கள், மறுபடி இறக்குங்கள். இந்த நான்கும் சரியாக நடந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள். திரை பழைய அளவையே காட்டினால் பதற வேண்டாம். மறுபடி மின்சாரத்தைக் கழற்றி, பலகையை எடுத்து ஒழுங்காகப் பொருத்திப் பாருங்கள்.

இப்போது மூன்றாவது பகுதியாகிய குறிப்பேட்டுக்கு வருவோம். உண்மையில் முதலில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுவே. ஏன் என்று கேளுங்கள். கரும்பலகை பெரிதாகப் பெரிதாக, மின்சாரம் நிற்கும்போது இழப்பதும் பெரிதாகிறது. திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஒரு நொடி நின்றால் போதும்; பதிந்த ஒலிகள் அனைத்தும் போய் விடும். மோட்டிஃப் இ.எஸ்.ஸில் குரல்களின் பெயரும் அமைப்பும் அப்படியே இருக்கும். கட்டையை அழுத்தினால் ஒலி மட்டும் வராது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பழுது பார்க்கக் கொண்டு போகிறவர்களும் உண்டு. அது கெடவில்லை; ஒலிகளை மறுபடி இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிரைட்டனில் உள்ள பிளாப்பி வட்டு ஒன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைட். மோனோ ஒலியில் பதினைந்து விநாடிதான் பிடிக்கும். 16 மெகாபைட்டை இறக்க 12 வட்டு வேண்டும். வட்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்றால் 12 நிமிடம் மேடை சும்மா இருக்கும். 64 மெகாபைட் என்றால் 45 வட்டுக்கு மேல். இது நடக்கிற காரியமா? ஆகவே கரும்பலகையை மட்டும் கூட்டிவிட்டுக் குறிப்பேட்டை அப்படியே விடுவது, பெரிய பானையில் சமைத்துச் சிறு கரண்டியால் ஊருக்கே பரிமாறுவது போன்றது.

அத்துடன், நம் நாட்டு ஈரக்காற்றுக்கும் வெப்பத்துக்கும் பிளாப்பி வட்டுகள் தாங்குவதில்லை. பூஞ்சணம் பிடித்த வட்டைப் போட்டால் அதுவும் படிக்காது. படிக்கும் தலையையும் கெடுத்து விடும். வீட்டில் பழைய வட்டுகள் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அவற்றைக் கணினியில் படியெடுத்து விடுங்கள். இன்னும் படிக்கக்கூடியவையாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

வட்டு இயக்கி கெட்டுப் போனால், அதற்குப் பதிலாகப் பென்டிரைவ் செருகும் மாற்று இயக்கி கிடைக்கிறது. 'கோடெக்' என்ற பெயரில் அது பலருக்கும் தெரியும். ஒரே பென்டிரைவைப் பல நூறு வட்டுகளாகப் பிரித்து, எண் போட்டு வைத்துக் கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வோர் எண்ணும் 1.44 மெகாபைட் வட்டுக்குச் சமம்; வேகமும் பழைய வட்டின் வேகமே. நம்பகம் கூடும், வேகம் கூடாது. வாங்குமுன் உங்கள் கருவியின் இயக்கிக்கு வரும் பட்டைக்கம்பி 34 ஊசி வகையா, மெல்லிய 26 இழை வகையா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

வேகம் வேண்டுமென்றால், டிரைட்டனில் 'ஸ்கசி' என்னும் இணைப்புப் பலகையைத் தனியாக வாங்கிப் பொருத்தி, அதன்வழி பெரிய சேமிப்பகத்தை இணைக்கலாம். அந்தக் காலத்து ஸ்கசி ஹார்ட் டிஸ்க்குகள் வயதாகி விட்டன. அவற்றுக்குப் பதில் சிறிய எஸ்.டி. கார்டை ஸ்கசி டிஸ்க் போல் காட்டும் மாற்றுப் பலகைகள் இப்போது கிடைக்கின்றன. இணைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி எண் கொடுக்க வேண்டும். ஒரே எண் இரண்டுக்கு வந்தால் இரண்டுமே பேசாது. மோட்டிஃப் இ.எஸ்.ஸில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஸ்மார்ட் மீடியா கார்டுக்கு இடம் உண்டு. ஆனால் அந்தக் கார்டுகளின் உச்சமே 128 மெகாபைட்தான், உற்பத்தியும் நின்று விட்டது. அதே கருவியில் யூ.எஸ்.பி. துளையும் இருப்பதால் பென்டிரைவே நல்லது. புதுப் பென்டிரைவைக் கருவியிலேயே 'ஃபார்மட்' செய்து பயன்படுத்துங்கள்.

அணைத்தாலும் அழியாத கரும்பலகையே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. யமஹா 2010இல் வெளியிட்ட மோட்டிஃப் எக்ஸ்.எஃப். கருவியில் 128 மெகாபைட் ரேம் இருப்பதோடு, 'ஃபிளாஷ்' வகைப் பலகைகள் இரண்டைச் செருகி 2 கிகாபைட் வரை கூட்டலாம். அதில் ஏற்றிய ஒலி மின்சாரம் போனாலும் நிற்கும். வசதி உள்ள குழுக்கள் கருவி வாங்கும்போதே இதை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு சிறு பொருள் இருக்கிறது. விலை சொற்பம், மறந்தால் இழப்பு பெரிது. அதுதான் பாட்டரி. எம்-1 போன்ற பழைய கருவிகளில் நாம் அமைத்த குரல்களைக் காப்பது உள்ளே இருக்கும் நாணயம் போன்ற ஒரு பாட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் அழியும். அமெரிக்காவின் கர்ஸ்வைல் கே-2000 கருவியிலோ சாதாரண ஏ.ஏ. பாட்டரி மூன்று. கருவி திரையில் பாட்டரி எச்சரிக்கை காட்டினால் அன்றைக்கே எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, பாட்டரியை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, சேமித்ததை எங்கே வைப்பது? ஒரு பிரதி கருவியோடு இருக்கட்டும். ஒன்று வீட்டில், இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இருக்கட்டும். மூன்றாவது பிரதி வேறோர் ஊரில், உறவினர் வீட்டில் இருக்கட்டும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. ஒரே வீட்டில் பத்துப் பிரதி வைத்திருந்தாலும் தண்ணீர் புகுந்தால் பத்தும் போகும்.

நேயர்களே, இதுவரை சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலாவது, பதிந்த ஒலி வாசிக்கப் போகிறோமா என்று கேளுங்கள். இல்லையென்றால் மெமரி கூட்டத் தேவையே இல்லை. இரண்டாவது, பதியப் போகிறோம் என்றால் விநாடிக் கணக்குப் போட்டு, சிக்கனம் செய்து பார்த்துப் பிறகு முடிவு செய்யுங்கள். மூன்றாவது, சேமிக்கும் வழியை முதலில் சீர்ப்படுத்துங்கள். ரேமைப் பிறகு கூட்டுங்கள். நான்காவது, கையேட்டைப் படித்து, சரியான வகையை வாங்கி, மின்சாரத்தைக் கழற்றிவிட்டுப் பொருத்துங்கள். ஐந்தாவது, மூன்று பிரதிகளை மூன்று இடத்தில் வையுங்கள்.

பலருடைய உழைப்புப் பணம் சேர்ந்து வந்த கருவி அது. அதன் உள்ளே இருப்பது என்ன என்று குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. பணம் போட்ட எல்லாருக்கும் தெரிய வேண்டும். அடுத்த ஒத்திகை நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி, கையேட்டை நடுவில் வைத்து, இந்தக் கணக்கை எல்லாருமாகச் சேர்ந்து போட்டுப் பாருங்கள். பஜனை மடத்து ஆர்மோனியம் இன்னும் பாடும் நிலையில் இருந்தால், அன்றைக்கே ஒரு மைக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.